வர்ஜீனியா மாநில செனட்டின் 32-ஆம் தொகுதி: நிலமும் தேர்தலும்

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். உங்கள் மகள் குடும்பத்தோடு வர்ஜீனியாவின் சவுத் ரைடிங்கில் குடியேறியிருக்கிறார். அந்த ஊர் அடங்கிய மாநில செனட்டின் 32-ஆம் தொகுதியில் 2025 ஜனவரியில் ஓர் இடைத்தேர்தல் நடந்து, கண்ணன் சீனிவாசன் என்பவர் வென்றார் என்று படித்திருக்கிறீர்கள். அவருக்கு முன் அதே இடத்தில் இருந்தவர் சுஹாஸ் சுப்பிரமணியம். அடுத்தடுத்து இரண்டு இந்தியப் பெயர்கள் வருவதால், அது நம்மவர்கள் பெரும்பான்மையாக வாழும் தொகுதியா, அதன் எல்லை எங்கே ஓடுகிறது, கொட்டும் பனியில் ஜனவரி மாதத்தில் ஏன் தேர்தல் வைத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தோன்றினாலும் கேட்கப்பட்டது ஒன்றுதான்: அந்தத் தொகுதியில் வெற்றியைத் தீர்மானிப்பது எது?

நான் நிலவரைபடத் துறையில் பயிற்சி பெற்றவன். சவுத் ரைடிங் அடங்கிய லவுடன் கவுன்டியில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஓர் ஆட்சிப் பிரிவு. கடந்த பல தேர்தல்களில் வாக்குச்சாவடி அலுவலராகப் பணியாற்றியிருக்கிறேன். எல்லைகள், எண்ணிக்கைகள், நடைமுறைகள் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். மக்கள் ஏன் அப்படி வாக்களித்தார்கள் என்பது அனுமானம் சார்ந்தது. அந்த இடம் வரும்போது அனுமானம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். இது வாஷிங்டனில் கூடும் அமெரிக்க செனட் அன்று. வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தின் மேலவை. தலைநகர் ரிச்மண்டில் கூடும் அந்த அவையில் 40 உறுப்பினர்கள். கீழவையில் 100 பேர். மாநில செனட்டர்களின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். நாற்பது இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடக்கும், அதுவும் ஒற்றைப்படை ஆண்டுகளில். 2019, 2023, அடுத்து 2027. அதிபர் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் இரட்டைப்படை ஆண்டுகளில் வருவதால், வர்ஜீனியாவில் ஏதேனும் ஒரு தேர்தல் இல்லாத நவம்பரே கிடையாது. இந்த ஒற்றை இரட்டைக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரித் தேர்தலுக்கான காரணம் அதில்தான் இருக்கிறது.

அடுத்தது, 32 என்ற எண். பழைய செய்திகளைத் தேடினால், அதே எண்ணுள்ள தொகுதியை ஜானெட் ஹாவெல் என்பவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் வசம் வைத்திருந்தார் என்று வரும். அது பக்கத்துக் கவுன்டியான ஃபேர்ஃபாக்ஸில், ரெஸ்டன் நகரை மையமாகக் கொண்ட வேறொரு நிலப்பரப்பு. 2021-இல் எல்லைகளைப் புதிதாக வரைந்தபோது எண்களையும் புதிதாகவே இட்டார்கள். ஆகவே பழைய 32-இன் தேர்தல் முடிவுகளையும் புதிய 32-இன் முடிவுகளையும் ஒரே வரிசையில் வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. இந்தத் தவறைச் செய்தி நிறுவனங்களும் செய்கின்றன.

அந்த மறுவரைவு நடந்த விதம் கவனிக்கத்தக்கது. முன்பெல்லாம் எல்லையைச் சட்டமன்றமே வரைந்துகொள்ளும். யார் கையில் அவை இருக்கிறதோ அவர்களுக்குத் தோதாகக் கோடு வளையும். 2020 நவம்பரில் வாக்காளர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அரசியலமைப்பைத் திருத்தி, எட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களும் எட்டுப் பொதுமக்களும் கொண்ட ஓர் ஆணையத்திடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஆணையம் கட்சி வாரியாக இரண்டாகப் பிரிந்து முட்டிக்கொண்டு நின்றதால், வேலை மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிமன்றம் சீன் டிரெண்டி, பெர்னார்ட் கிரோஃப்மன் என்ற இரு வல்லுநர்களை நியமித்தது; ஒருவர் குடியரசுக் கட்சியும் மற்றவர் ஜனநாயகக் கட்சியும் முன்மொழிந்தவர். அவர்கள் வரைந்த வரைபடத்தை 2021 டிசம்பர் இறுதியில் நீதிமன்றம் ஏற்றது. பதவியில் இருப்பவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பதைப் பார்த்து அவர்கள் கோட்டை வளைக்கவில்லை. அதனால் பல மூத்த உறுப்பினர்கள் ஒரே தொகுதிக்குள் இருவராக அகப்பட்டார்கள். 2023-இல் பலர் ஓய்வு பெற்றார்கள். புதிய 32-ஆம் தொகுதி, யாருக்கும் பரம்பரைப் பிடி இல்லாத காலி இடமாகப் பிறந்தது இப்படித்தான்.

கோடு ஏன் அங்கே விழுந்தது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். 2020 கணக்கெடுப்பின்படி வர்ஜீனியாவின் மக்கள்தொகை 86,31,393. அதை நாற்பதால் வகுத்தால் ஒரு செனட் தொகுதிக்கு ஏறத்தாழ 2,15,800 பேர். லவுடன் கவுன்டியின் மக்கள்தொகை 4,20,959. அதாவது இரண்டு தொகுதிகளுக்குச் சற்றே, பத்தாயிரத்துச் சொச்சம் பேர், குறைவு. எனவே கவுன்டியை மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரித்து, குறைந்த ஆட்களைத் தெற்கே இருக்கும் ஃபாக்கியர் கவுன்டியிலிருந்து எடுத்து மேற்குப் பாதியோடு சேர்த்தார்கள். அது 31-ஆம் தொகுதி. லீஸ்பர்க் நகரமும் குதிரைப் பண்ணைகளும் திராட்சைத் தோட்டங்களும் அதில் அடக்கம். கிழக்குப் பாதி முழுக்க லவுடனுக்குள்ளேயே அடங்கிற்று. அதுதான் உங்கள் மகள் இருக்கும் 32.

தலைக்கு ஒரு வாக்கு என்றால் தொகுதிக்குத் தொகுதி தலைகளும் சமமாக இருக்க வேண்டும் என்ற இந்த விதி வானத்திலிருந்து விழுந்ததன்று. வர்ஜீனியாவில் நெடுங்காலம் ஆட்கள் குறைந்த கிராமக் கவுன்டிகளுக்கு அதிக இடங்களும், மக்கள் பெருகிய வடக்குப் பகுதிக்குக் குறைந்த இடங்களுமாக இருந்தன. வடக்கே ஆர்லிங்டன், ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டிகளின் வாக்காளர்கள் தொடுத்த வழக்கில்தான் 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வர்ஜீனியாவின் அந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. இன்றைய 32-ஆம் தொகுதிக்கு ஃபேர்ஃபாக்ஸ் அடுத்த வீடு. அந்தத் தீர்ப்பு இல்லாமல் இந்தக் கிழக்கு லவுடனுக்குத் தனியாக ஒரு செனட்டர் கிடைத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இனி நிலத்துக்கு வருகிறேன். வரைபடத்தில் 32-ஆம் தொகுதியைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஊர்கள் அல்ல; ஒரு வெற்றிடம். டல்லஸ் பன்னாட்டு விமான நிலையம் சுமார் 12,000 ஏக்கர் பரப்புடையது. அதன் பெரும்பகுதி லவுடனுக்குள், ஒரு பகுதி ஃபேர்ஃபாக்ஸுக்குள். ஏரோ சாரினென் வடிவமைத்த அந்த நிலையம் 1962 நவம்பரில் திறக்கப்பட்டபோது சுற்றிலும் பால் பண்ணைகள்தாம். கவுன்டி முழுவதற்கும் 1960-இல் இருந்த மக்கள் ஏறத்தாழ 24,500 பேர். விமான நிலையத்துக்காக நிலத்தைக் கையகப்படுத்தியபோது வில்லர்ட் என்றொரு ஊர் மறைந்து போயிற்று. பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறைகளாக உழுது வாழ்ந்த ஊர். ஓடுபாதையில் விமானம் தரைதொடும்போது நான் அந்தப் பெயரை நினைத்துக்கொள்வது உண்டு. இந்தத் தொகுதியின் முதல் பெரும் மாற்றம் அவர்களுடைய இழப்பில் தொடங்கியது. அதைச் சொல்லாமல் மற்ற வளர்ச்சிக் கதையைச் சொல்வது சரியன்று.

அந்த வெற்றிடத்தைச் சுற்றித்தான் தொகுதி உட்கார்ந்திருக்கிறது. விமான நிலையத்துக்கு வடக்கே பொட்டோமாக் ஆறு வரை ஸ்டெர்லிங். அதன் உள்ளே இருக்கும் ஸ்டெர்லிங் பார்க், 1960-களின் தொடக்கத்தில் நடுத்தரக் குடும்பங்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட பழைய குடியிருப்பு. சிறிய வீடுகள், பெரிய மரங்கள். இன்று எல் சால்வடாரிலிருந்தும் பிற மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்த குடும்பங்கள் அங்கே நிறைய. அமெரிக்காவின் பெரிய இஸ்லாமிய மையங்களில் ஒன்றும் ஸ்டெர்லிங்கில்தான் இருக்கிறது. விமான நிலையத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் பிராம்பிள்டன், ஆர்கோலா, சவுத் ரைடிங் போன்ற புதிய குடியிருப்புகள். பெரும்பாலும் 1990-களின் நடுவிலிருந்து எழுந்தவை, ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகள். இந்தியக் குடும்பங்கள் செறிந்து வாழ்வது இந்தத் தெற்கு, மேற்கு வளைவில். ஆஷ்பர்ன் நகரின் சில பகுதிகளும் தொகுதிக்குள் வருகின்றன. ஸ்டெர்லிங்கில் இருப்பவர் சவுத் ரைடிங் போக வேண்டுமென்றால் விமான நிலையத்தைச் சுற்றிக்கொண்டு 28-ஆம் எண் சாலையிலோ லவுடன் கவுன்டி பார்க்வேயிலோ போக வேண்டும். ஒரே தொகுதி என்றாலும் இரண்டு ஊராரும் ஒருவரையொருவர் சந்திக்கும் சந்தை, பள்ளி, திருவிழா என்று எதுவும் பெரிதாக இல்லை. வேட்பாளர்கள் இங்கே இரண்டு தொகுதிகளில் வேலை செய்வதுபோல் அலைகிறார்கள்.

விமான இரைச்சலும் தேர்தலைத் தொட்டிருக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். ஓடுபாதைகளுக்கு நேரே, இரைச்சல் மிகுந்த வளையத்துக்குள் புதிய வீடுகள் கட்டக் கவுன்டி அனுமதிப்பதில்லை. வீடு கட்ட முடியாத அந்த நிலமும், 1990-களில் ஏ.ஓ.எல். போன்ற இணைய நிறுவனங்கள் இங்கே வந்ததால் தரைக்குள் ஓடத் தொடங்கிய ஒளியிழைக் கம்பிகளும் சேர்ந்து, ஆஷ்பர்னையும் அதைச் சுற்றிய இடங்களையும் உலகிலேயே தரவு மையங்கள் மிக அடர்ந்த பகுதியாக ஆக்கிவிட்டன. இணையத்தின் தரவைச் சேமிக்கும் கணினிகள் நிறைந்த, சன்னல் இல்லாத, ஒரு தெரு நீளக் கட்டடங்கள். அவை கட்டும் வரியால் வீட்டு வரி குறைந்தது. அவை கேட்கும் மின்சாரத்தால் உயரழுத்தக் கம்பிகள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் வருகின்றன. உங்கள் மகள் வீட்டுக் கதவைத் தட்டும் வேட்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும், தரவு மையம் பற்றியும் டல்லஸ் கிரீன்வே என்ற தனியார் சுங்கச் சாலையின் கட்டணம் பற்றியும் பேசாமல் நகர மாட்டார். 1995-இல் திறந்த அந்தச் சாலையின் கட்டணம் கிழக்கு லவுடனில் தேய்ந்து போகாத தேர்தல் விஷயம். 2022 நவம்பரில் மெட்ரோ ரயில் ஆஷ்பர்ன் வரை நீண்ட பிறகும் அது ஓயவில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி: நம்மவர்கள் பெரும்பான்மையா? இல்லை. கவுன்டி முழுவதையும் எடுத்தால் ஆசிய வம்சாவளியினர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கிழக்கில் அந்தப் பங்கு கூடும். ஆனால் ஆசியர் என்ற அந்தப் பெட்டிக்குள் கொரியர், வியட்நாமியர், பிலிப்பினோக்கள், சீனர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் எல்லோரும் அடக்கம். இந்தியர்களுக்குள்ளும் தெலுங்கு, தமிழ், குஜராத்தி, பஞ்சாபி என்று பல வீடுகள். எந்தத் தனிச் சமூகமும் அந்தத் தொகுதியைத் தன் எண்ணிக்கையால் மட்டும் வெல்ல முடியாது.

அதைவிட முக்கியமான இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. தொகுதி வரையப்படுவது தலைகளை எண்ணி. வாக்குப் போடுவது குடிமக்கள் மட்டும். லவுடனில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். அவர்களில் கணிசமானோர் வேலை விசாவில் இருப்பவர்கள், நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்காகப் பத்து, பதினைந்து ஆண்டுகளாக வரிசையில் நிற்பவர்கள். அவர்களும் அவர்கள் குழந்தைகளும் 2,15,800 என்ற கணக்கில் சேர்கிறார்கள், தொகுதியின் அளவைத் தீர்மானிக்கிறார்கள், வரி கட்டுகிறார்கள், வாக்குச்சாவடிக்கு மட்டும் வர முடியாது. சவுத் ரைடிங்கில் ஒரு தெருவில் பத்து இந்திய வீடுகள் இருந்தால் பத்து வீட்டு வாக்குகள் என்று எண்ணிவிட வேண்டாம். சில வீடுகளில் அங்கேயே பிறந்து பதினெட்டு வயதான பிள்ளை மட்டும் வாக்காளர். தாயும் தந்தையும் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே காத்திருப்பதை நான் ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கிறேன்.

வாக்குச்சாவடியில் கண்ட ஒன்றைச் சொன்னால் அடுத்த விஷயம் விளங்கும். வர்ஜீனியாவில் வாக்காளர் மேசைக்கு வந்ததும் தம் முழுப் பெயரையும் முகவரியையும் சொல்ல வேண்டும். அலுவலர் அதை மின்னணுப் பதிவேட்டில் குடும்பப் பெயரைக் கொண்டு தேடுவார். ஒருமுறை அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர், ஓட்டுநர் உரிமத்தை நீட்டித் தம் பெயரைச் சொன்னார். என் பக்கத்தில் இருந்த அலுவலர் தேடினார், இல்லை. கணவரின் பெயரை வைத்துத் தேடினார், அதிலும் இல்லை. அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. இவ்வளவு ஆண்டு காத்திருந்து குடியுரிமை பெற்று முதல் முறையாக வந்திருக்கிறார். உரிமத்தை நான் வாங்கிப் பார்த்தேன். கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக ஏறி, குடியுரிமைச் சான்றிதழில் அது இரண்டாகப் பிரிந்து, பின் பாதி மட்டும் பதிவேட்டுக்கு வந்திருந்தது. அந்தப் பின் பாதியைத் தட்டியதும் பெயர் வந்துவிட்டது. சட்டப்படி நான் அரசியல் ஏதும் பேசக்கூடாது. வாக்குச்சீட்டைக் கொடுத்து, எந்த மறைவில் நின்று குறியிட வேண்டும், எந்த ஸ்கேனரில் இட வேண்டும் என்று மட்டும் தமிழில் சொன்னேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தேர்தல் முடிந்த மறுநாள் இந்திய வாக்குகள் இத்தனை சதவீதம் இன்னாருக்கு விழுந்தன என்று வரும் கணிப்புகள் பெரும்பாலும் வாக்காளர் பட்டியலில் உள்ள குடும்பப் பெயரை வைத்து இனத்தை ஊகிப்பவை. படேல், ரெட்டி, சிங் என்றால் அந்த முறை ஓரளவு வேலை செய்யும். தமிழர்களுக்கு அது சரியாக வராது. ஜோசஃப் என்று முடியும் தமிழ்க் கிறிஸ்தவர் கணக்கில் விழமாட்டார். தமிழ் முஸ்லிம் ஒருவர் அரபு வம்சத்தவராக எண்ணப்படலாம். வாக்கு இரகசியமானது, எந்தச் சாவடியில் எத்தனை விழுந்தன என்பது மட்டுமே பதிவில் உள்ள உண்மை. அதிலும் அண்மைக்காலம் வரை முன்கூட்டியே போட்ட வாக்குகளைக் கவுன்டி முழுவதற்கும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கணக்குக் காட்டினார்கள். அவற்றை ஊர் வாரியாகப் பிரித்துச் சொல்வது சில ஆண்டுகளாகத்தான். ஆகவே நம் சமூகம் இப்படி வாக்களித்தது என்று உறுதியாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். நான் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

உறுதியாகத் தெரிவது கட்சிச் சாய்வு. லவுடன் 2004-இல் புஷ்ஷுக்கு வாக்களித்த கவுன்டி. 2008-இல் ஒபாமா அங்கே வென்றார். அதற்கு முன் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் அங்கே வென்றது 1964-இல். 1990-இல் 86,129 பேர் இருந்த கவுன்டி 2010-இல் 3,12,311 பேராகப் பெருகியிருந்தது. இடையில் வந்து குடியேறியவர்கள் வேறு மக்கள். 2020-இல் பைடன் ஏறத்தாழ 25 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். மறு ஆண்டே ஆளுநர் தேர்தலில், பள்ளிக்கல்விக் குழுக் கூட்டங்களில் எழுந்த கொந்தளிப்பு நாடெங்கும் பேசப்பட்ட வேளையில், அதே கட்சியின் முன்னிலை 11 புள்ளியாகச் சுருங்கிற்று. மாநிலத்தைக் குடியரசுக் கட்சியின் யங்கின் வென்றார். 2024-இல் ஹாரிஸ் ஏறத்தாழ 16 புள்ளி முன்னிலையோடு நின்றார். இவை கவுன்டி முழுவதற்குமான எண்கள். மேற்குப் பாதி குடியரசுக் கட்சியை நோக்கிச் சாய்வது என்பதால், 32-ஆம் தொகுதி இவற்றைவிடவும் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமானது. 2023-இல் இரண்டு தொகுதிகளையும் அக்கட்சியே வென்றது. ஆனால் 31-இல் ரஸ்ஸெட் பெர்ரி கடும் போட்டியில் தப்பினார், 32-இல் சுப்பிரமணியம் அறுபது சதவீதத்தை ஒட்டி வாங்கி எளிதாக வென்றார்.

இனி ஜனவரிக்கு வருகிறேன். மாநில செனட்டர் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டில், நாடாளுமன்றத் தேர்தல் இரட்டைப்படை ஆண்டில் என்று சொன்னேன் அல்லவா? அதனால் வர்ஜீனியாவில் ஒரு மாநில செனட்டர் தம் பதவியை விடாமலே நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடலாம்; தோற்றால் பழைய நாற்காலி பத்திரமாக இருக்கும். நவம்பரில் வென்றுவிட்டால் ஜனவரித் தொடக்கத்தில் அந்த நாற்காலி காலியாகும். மாநிலச் சட்டமன்றம் கூடுவதும் ஜனவரி இரண்டாம் புதன்கிழமை. கூட்டத்தொடருக்குள் ஆள் வேண்டும் என்பதால் தேர்தல் பனிக்காலத்தில் விழுகிறது. இது முதல் முறையும் அன்று. கிழக்கு லவுடனின் பழைய 33-ஆம் தொகுதியில் மார்க் ஹெர்ரிங் 2006 ஜனவரி இடைத்தேர்தலில் வந்தார். அவர் மாநில அட்டர்னி ஜெனரல் ஆனதும் 2014 ஜனவரியில் ஜெனிஃபர் வெக்ஸ்டன் வந்தார். வெக்ஸ்டன் நாடாளுமன்றத்துக்குப் போனதும் 2019 ஜனவரியில் ஜெனிஃபர் பாய்ஸ்கோ. வெக்ஸ்டன் கடும் நரம்பு நோயின் காரணமாக 2024-இல் மீண்டும் போட்டியிடவில்லை. அந்த நாடாளுமன்ற இடத்துக்குத்தான் சுப்பிரமணியம் போனார். இந்த நிலத்துச் செனட் இடம் இருபது ஆண்டுகளாக ஒரு படிக்கட்டாகவே இருந்துவருகிறது. ஏறுபவர்கள் ஏறிப் போய்விட, மக்கள் ஜனவரிக் குளிரில் மறுபடி வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. இடைத்தேர்தலுக்கு வருபவர்கள் பொதுத்தேர்தலில் பாதிகூட இருப்பதில்லை.

2025 ஜனவரி 7 செவ்வாய்க்கிழமை அதே கதைதான். முந்தைய நாள் வடக்கு வர்ஜீனியா முழுவதும் பனி. காலை ஐந்து மணிக்கு நாங்கள் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தபோது வாசல் நடையில் உப்புத் தூவியிருந்தும் வழுக்கிற்று. வாக்காளர்கள் காலணியில் ஒட்டிவந்த பனி தரையெங்கும் நீராகத் தேங்க, அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்தோம். ஆறு மணிக்குத் திறந்து இரவு ஏழு மணிக்கு மூடினோம். எங்கள் சாவடியின் வாக்குச்சீட்டில் இரண்டு போட்டிகள் இருந்தன. சீனிவாசன் அதுவரை கீழவையின் 26-ஆம் தொகுதி உறுப்பினர். அவர் அதை விட்டு செனட்டுக்கு நின்றதால் அந்த இடமும் காலியாகி, ஜே.ஜே. சிங் அதற்கு நின்று வென்றார். செனட் இடத்தில் சீனிவாசன் ஏறத்தாழ 61 சதவீதம் பெற்று, குடியரசுக் கட்சியின் துமாய் ஹார்டிங்கை வென்றார்.

அந்த நாளில் பணயமாக இருந்தது ஓர் ஊரின் இடம் மட்டுமன்று. செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 21, குடியரசுக் கட்சிக்கு 19. இந்த இடம் கை மாறியிருந்தால் 20-க்கு 20 ஆகி, சமநிலை வாக்கு அப்போதைய துணை ஆளுநர் வின்சம் ஏர்ல்-சியர்ஸிடம், அதாவது குடியரசுக் கட்சியிடம் போயிருக்கும். அதே மாதம் கருக்கலைப்பு உரிமை, வாக்குரிமை, திருமண உரிமை பற்றிய அரசியலமைப்புத் திருத்தங்கள் செனட்டில் முதல் சுற்றில் நிறைவேறின. சவுத் ரைடிங்கில் பனியில் வழுக்கிக்கொண்டு வந்த சில ஆயிரம் பேரின் வாக்குக்கு ரிச்மண்டில் இருந்த எடை அவ்வளவு.

ஆனாலும் வெற்றியைத் தீர்மானித்த நாள் ஜனவரி 7 என்று நான் நினைக்கவில்லை. அறுபதுக்கு நாற்பது என்று சாய்ந்த தொகுதியில், சாய்ந்த கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவாகும் நாள்தான் உண்மையான தேர்தல் நாள். இடைத்தேர்தலுக்கு அரசு நடத்தும் முன்தேர்தல் இல்லை. கட்சியே சில இடங்களில் மேசை போட்டு, சில மணி நேரம் வாக்கெடுத்து வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும். தீயணைப்பு நிலையங்களில் நடத்தியதால் அதற்கு அந்தப் பெயரையே சேர்த்து ஃபயர்ஹவுஸ் பிரைமரி என்பார்கள். 2024 நவம்பரில் அப்படி நடந்தபோது சீனிவாசனோடு வேறு பலரும் நின்றார்கள். அவர்களில் இந்திய, தெற்காசியப் பெயர்கள் ஒன்றுக்கு மேல். அங்கே வருபவர்கள் மிகக் குறைவு. ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு தேவாலயம், ஒரு தமிழ்ப் பள்ளி, ஒரு தொழிற்சங்கம் தன் ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்தால் தராசு சாயும். ஆகவே என் கணிப்பு, இதை அனுமானம் என்றே கொள்ளுங்கள்: நம்மவர்களுக்கு அந்தத் தொகுதியில் பெரும்பான்மை இல்லை, ஆனால் வேட்பாளர் தேர்வில் செல்வாக்கு உண்டு, அடுத்தடுத்து இரண்டு இந்தியப் பெயர்கள் வந்ததற்கு எல்லைக் கோட்டைவிட அந்தச் செல்வாக்குக் கூடுதல் காரணம். ஜனவரியில் அவர்களுக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் பெயரைப் பார்த்து அல்ல, கட்சியைப் பார்த்து வாக்களித்தார்கள் என்பதே என் எண்ணம். 2023-இலும் 2025-இலும் இருவர் வாங்கிய சதவீதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பது அதைத்தான் காட்டுகிறது.

உங்கள் மகளுக்கு நேரடியாகப் பயன்படுவது இது. 32-ஆம் தொகுதிக்கு அடுத்த முறையான தேர்தல் 2027 நவம்பரில். வர்ஜீனியாவில் வாக்காளர் பதிவின்போது கட்சியைக் குறிப்பிடத் தேவையில்லை. எனவே அரசு நடத்தும் முன்தேர்தலில் குடிமகன் யாரும் ஏதாவது ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கலாம். அது வழக்கமாக ஜூன் மாதம். தேர்தலுக்கு 45 நாட்கள் முன்பிருந்தே, காரணம் ஏதும் சொல்லாமல், நேரில் போய் வாக்களிக்க முடியும். அவர் இன்னும் வேலை விசாவில் இருந்தால் இவை எதுவும் அவருக்கு இப்போது இல்லை. தவறுதலாகக்கூட வாக்காளர் பதிவுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லுங்கள், ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் அந்தக் கேள்வி திரையில் வரும், அது பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தையே பாதிக்கும். ஆனால் 2030 ஏப்ரல் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம் வீட்டுக்கு வரும்போது, இன்றைய முறைப்படி, விசா எதுவாக இருந்தாலும் அந்த வீட்டில் வசிப்பவர் அனைவரும் எண்ணப்படுவர். அடுத்த எல்லைக் கோடு சவுத் ரைடிங்குக்கு எந்தப் பக்கம் ஓடும் என்பது அந்த எண்ணிக்கையிலிருந்துதான் வரும். தாத்தா, பாட்டி என்று நீங்கள் இருவரும் அப்போது அங்கேயே தங்கி வாழ்பவர்களாக இருந்தால் உங்களையும் அதில் எழுத வேண்டும். சில மாதம் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்திருப்பவர்கள் என்றால் எழுதக்கூடாது.